பொம்மையின் முகம்

குறையைப் போக்குவதற்கும் குறையை மறைப்பதற்கும் என்ன வேற்றுமை? கேள்வி எளிதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ஒரு கொலுப் பொம்மையின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். விடை அவ்வளவு சுலபமாக வந்துவிடாது.

பொம்மைத் தலையில் இரண்டு வகைக் குறைகள் உண்டு. ஒன்று பிறவிக் குறை. அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில், காதோரமாக ஒரு கோடு தங்கிவிடும். இக்காலத்து ரெசின் பொம்மையானால், வார்க்கும்போது சிக்கிய காற்றுக் குமிழி கன்னத்தில் ஊசித்துளையாக நின்றுவிடும். கோட்டை உப்புத்தாளால் தேய்த்து, துளையைப் பட்டி வைத்து அடைத்தால் தீர்ந்தது. இவை செய்தவன் விரும்பாமல் வந்தவை. திருத்துவதில் தருமசங்கடம் ஏதும் இல்லை.

மற்றொன்று வாழ்ந்ததால் வந்த குறை. பரணிலிருந்து இறக்கும்போது மூக்கு உதிரும். ஆண்டுதோறும் துடைத்துத் துடைத்து நெற்றிச் சாயம் மங்கும். சங்கடம் இங்கேதான்.

சேலம் அம்மாபேட்டையில், தறியோசை ஓயாத ஒரு தெருவில், எனக்குப் பழக்கமான வீடு ஒன்று. அங்கே காகிதக் கூழில் செய்த பழைய செட்டியார் பொம்மை இருந்தது. கல்யாணமான புதிதில் தாத்தா வாங்கி வந்தது. அதன் கடுகடுத்த முகத்தைக் காட்டியே அவர் மனைவியைச் சிரிக்க வைப்பாராம். தாத்தா காலமாகிவிட்டார்; பொம்மையின் மூக்கும் போய்விட்டது. கைத்திறன் மிக்க பேத்தி, ஒரு நவராத்திரிக்கு முன்னால் அதைச் செப்பனிட்டாள். கூழும் பசையும் சேர்த்து மூக்கு வைத்தாள். அதோடு நிற்கவில்லை. கன்னத்துக்குப் புது நிறம், புருவத்துக்குப் புது வளைவு, உதட்டில் ஒரு புன்னகை. எல்லோரும் பாராட்டினார்கள். பாட்டி மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா நம்ம செட்டியாரு எங்கே?"

புதுச் சாயத்தைச் சுரண்டினால் பழைய சாயமும் சேர்ந்தே வந்துவிடும். அந்த முகம் போனது போனதுதான்.

அப்படியானால் உடைந்ததை உடைந்தபடியே விட வேண்டுமா? வேண்டியதில்லை. அதே தெருவின் நெசவாளரைப் பாருங்கள். பாவில் இழை அறுந்தால் முடிந்துவிட்டு மேலே நெய்கிறார். முடிச்சு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அது வஞ்சகம் அல்ல. துணிக்கு வலு திரும்பிவிட்டது. கிழிசலைக் கஞ்சியால் ஒட்டிப் புதிது என்று விற்பதுதான் வஞ்சகம். பேத்தி செய்தது வஞ்சகமும் அல்ல. அறுந்த இழையை முடிந்த கையோடு, அறாத இழைகளையும் அவள் மாற்றிவிட்டாள்.

இத்தாலிய அறிஞர் சேசரே பிராந்தி இதை ஆழ்ந்து சிந்தித்தவர். கலைப் பொருள்களைச் செப்பனிடுவது பற்றிய அவருடைய நூல் 1963-இல் வெளிவந்தது. ரோமாபுரியில் அவர் தலைமை வகித்த நிலையத்தில் ஒரு முறை வளர்ந்தது. ஓவியத்தில் வண்ணம் உதிர்ந்த இடத்தை மட்டும் மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். எட்ட நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும். கிட்டப் போனால் பழையது எது, புதியது எது என்று விளங்கும். எஞ்சியிருக்கும் வண்ணத்தின்மேல் தூரிகை படாது.

மனிதர்களைத் திருத்தப் புறப்படுகிறவர்களுக்கும் இந்த அடக்கம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வீட்டுக்கு வந்த மருமகளையும் வளர்கிற பிள்ளையையும் நாம் எவ்வளவு ஆசையோடு செப்பனிடுகிறோம்! அன்பினால்தான் செய்கிறோம்; ஆனால் உடைந்த மூக்கோடு நிற்பதில்லை. அவர்களுடைய புருவம் நமக்குப் பிடிக்கவில்லை என்பது அவர்களுடைய குறை ஆகாது.