செவிலி அறம்

பேணுதல் உறவின் கடமை என்று கருதியே நாம் வளர்ந்திருக்கிறோம். தாய் செய்தால் அன்பு. தமக்கை செய்தால் பாசம். சம்பளம் பெறும் ஒருவர் செய்தால் வேலை. ஒரு படி கீழே இறங்கி, ‘கூலிக்கு மாரடித்தல்’ என்றும் சொல்லிவிடுகிறோம். ஊதியத்துக்குச் செய்யும் பணிவிடை அறமாகுமா என்னும் வினா அறிஞர் அவைக்கு உரியதுபோலத் தோன்றலாம். ஊரை விட்டு வந்து வாழும் நமக்கோ அது வீட்டு வினா.

தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துச் செல்லப் பெற்றோர் வருவர். ஆனால் ஏழாம் மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, ஒன்றரை நாள் இரயில் பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அப்பெண் தில்லியிலோ மும்பையிலோ ஒரு மருத்துவமனைக் கட்டிலில்தான் படுக்க வேண்டும். தாய் வந்து சேர நாளாகும். வந்தாலும் பிரசவ அறைக்குள் பல இடங்களில் விடமாட்டார்கள். நள்ளிரவில் அவள் பக்கத்தில் நிற்பவர் கேரளத்திலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ வந்த ஒரு செவிலியர். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. ‘அம்மா பக்கத்தில் இருந்தால் இப்படியா?’ என்று மனம் அடித்துக்கொள்கிறது. இவ்வேக்கம் இயல்பானதே. எனினும் இதனுள் ஒளிந்திருக்கும் தீர்ப்பு நேரானதுதானா என்று ஆராய்தல் தகும்.

கருவுற்று 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 என்னும் அளவை எட்டி, சிறுநீரில் புரதமும் காணப்படுமாயின், அந்நிலையை மருத்துவர் ‘பிரி எக்லாம்ப்சியா’ என்பர். முற்றினால் வலிப்பு வரும். தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. இதன் கொடுமை யாதெனில், தொடக்கத்தில் இது நோய்போலவே தோன்றுவதில்லை. கால் வீங்கும், மோதிரம் இறுகும், தலை வலிக்கும். வீட்டுப் பெரியவர்கள், ‘பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்காமல் இருக்குமா?’ என்று கனிவோடு தேற்றுவர். அச்சொல்லில் அன்பு உண்டு, அளவு இல்லை. கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கும் அயலாரிடம்தான் அந்த அளவு இருக்கிறது.

அன்பு மட்டும் போதாது என்பதற்கு நம் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. 1890-களில் திண்டிவனத்தில் ஓர் இரவு, பேறுகாலத்தில் துன்புற்ற மனைவியரைக் காக்க வேண்டி மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்க இளம்பெண்ணிடம் வந்தனர். அவருடைய தந்தை மருத்துவர். ஆயினும் அயல் ஆடவர் என்பதால் அவரை அழைத்துச்செல்ல மூவரும் உடன்படவில்லை. ஐடாவுக்கோ அன்று மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவில் அன்புக்குக் குறைவில்லை. அன்பினால்தான் அக்கணவன்மார் ஓடி வந்தனர். ஐடாவின் நெஞ்சில் இரக்கத்துக்கும் குறைவில்லை. இல்லாதது பயின்ற கை ஒன்றே. அதனை உணர்ந்தே அவர் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று மீண்டுவந்து, வேலூரில் மருத்துவமனை கண்டதோடு, 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார்.

பயின்ற கை செய்வது என்ன என்பதையும் காண்போம். வலிப்பைத் தடுக்கத் தரும் மருந்து மக்னீசியம் சல்பேட். நாம் பேதி உப்பு என்று அறிந்த மலிவான பொருள்தான். 33 நாடுகளில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மகளிரிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வு, வலிப்பு வரும் வாய்ப்பை இம்மருந்து பாதிக்கு மேல் குறைப்பதைக் காட்டிற்று. ஆனால் அளவு மிஞ்சினால் இதுவே நஞ்சு. முதலில் முழங்காலைத் தட்டினால் எழும் துடிப்பு மறையும். பின்னர் மூச்சு தளரும். இறுதியில் இதயம் நிற்கும். ஆகவே நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி போடும் முறையில், ஒவ்வோர் ஊசிக்கு முன்பும் செவிலியர் மூன்றைப் பார்த்தாக வேண்டும். சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டினால் கால் உதறுகிறதா? மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் ஓடுகிறதா? சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறையாமல் இறங்கியிருக்கிறதா? ஒன்று பிசகினாலும் ஊசியை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். முறிமருந்தாகிய கால்சியம் குளுகோனேட் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பிள்ளை பிறந்த பின்னும் வலிப்பு வரக்கூடும் ஆதலால், இக்காவல் பேற்றுக்குப் பின்னும் ஒரு நாள் தொடரும்.

நம்மில் பலர் எழுதுகோல் பிடித்துப் பிழைப்பவர்கள். பதிவேட்டில் ஒரே செய்தி மீண்டும் வந்தால் ‘மேற்படி’ என்று எழுதி முடிப்பது அலுவலக வழக்கம்; அதனால் எவர் உயிரும் போவதில்லை. செவிலியரின் குறிப்பேட்டிலோ ‘மேற்படி’ என்னும் சொல்லுக்கு இடமில்லை. இரவு 10 மணிக்கு எண்ணிய மூச்சை 2 மணிக்கு மீண்டும் எண்ண வேண்டும். விடியற்காலை 6 மணிக்கு மீண்டும். அவ்வேளையில் அவர் நெஞ்சில் அன்பு பொங்கிக்கொண்டிருக்குமா? இராது. கால் கடுக்கும், கண் சொக்கும், வீட்டில் விட்டுவந்த தம் குழந்தையின் நினைவு வரும். அன்பு பொங்காத வேளையிலும் அன்பு செய்யக்கூடியதைத் தவறாமல் செய்ய வைப்பது எதுவோ, அதனையே கடமை என்கிறோம். ஊதியம் அவரை அவ்வறைக்குள் அழைத்து வரலாம். மூச்சை மெய்யாக எண்ண வைப்பது ஊதியமன்று. எண்ணாமலே ‘18’ என்று எழுதினாலும் மாதச் சம்பளம் வந்துவிடும், பார்ப்பாரும் இலர். அப்படியிருந்தும் எண்ணுகிறார் எனில், அது அறமன்றி வேறென்ன?

இவ்வறத்தின் பயன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அறுவை செய்து காத்த மருத்துவரை ஆயுள் முழுதும் நினைக்கிறோம். வராமற்போன வலிப்பை யார் நினைப்பார்? நம் நாட்டில் 2001-03 ஆண்டுகளில் ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 301 தாய்மார் இறந்தனர். 2018-20-இல் அது 97 ஆகக் குறைந்தது. இவ்விறக்கத்துக்குக் காரணங்கள் பல. பெயரறியாச் செவிலியர் பலர் இரவில் விழித்திருந்ததும் அவற்றுள் ஒன்று.

அங்ஙனமாயின் பயிற்சி ஒன்றே போதுமோ எனில், போதாது. கடுந்தலைவலி, கண்மங்கல், மேல்வயிற்று வலி ஆகிய அபாயக் குறிகளை எந்தக் கருவியும் காட்டாது. அவள் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். அதட்டப்பட்டவள் சொல்லமாட்டாள். பிரசவ அறையில் சுடுசொல் கேட்டு வாயடைத்துப்போன பெண்கள் நம் குடும்பங்களிலும் உளர். ஆதலின் இன்சொல் உபசாரமன்று. காவலின் ஒரு கூறு. மொழியும் அத்தகையதே. ஊரிலிருந்து புதிதாக வந்த பெண், ‘கண் மங்குகிறது’ என்பதை இந்தியில் எவ்வாறு சொல்வாள்? உறவினர்க்கு உரிய இடம் இங்கேதான் இருக்கிறது. வேண்டிய நான்கைந்து தொடர்களைத் தமிழிலும் இந்தியிலும் ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுக்கலாம். இருமொழியும் அறிந்த நம் மகளிர் ஒருவர் முறைவைத்துச் சென்று வரலாம். விழாவும் நாடகமும் நடத்தும் சங்கங்களுக்கு இஃது எட்டாத செயலன்று.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், மருத்துவத்தின் கூறுகள் நான்கென வகுக்கையில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவரையும் ஒன்றாக எண்ணிற்று. அவர் உறவினராக இருத்தல் வேண்டும் என்று அது விதிக்கவில்லை. அகப்பாடல்களில் வரும் செவிலித்தாயும் பெற்றவள் அல்லள். தலைவியை வளர்த்தவள், காத்தவள். அப்பெயரையே இன்றைய தமிழ் மருத்துவமனைப் பணியாளர்க்குச் சூட்டியிருக்கிறது. பெயரைக் கொடுத்துவிட்டு மதிப்பைக் கொடாதிருத்தல் முறையோ? ஒருவர் தலையில் அளவுக்கு மீறிய கட்டில்களைச் சுமத்திவிட்டு, மூச்சை எண்ணவில்லையே என்று குறைகூறுதலும் முறையன்று. போதிய செவிலியரைக் கேட்டுப் பெறுவது நோயாளிக்கும் நாம் செய்யும் கடமை.

அயலூரில் வாழும் நாம் நாள்தோறும் அயலாரின் நேர்மையை நம்பியே வாழ்கிறோம். நம்மையும் அவ்வாறே நம்பியிருப்போர் உளர். நம் மேசைக்கு வரும் ஓய்வூதியக் கோப்பின் பின்னே, நாம் ஒருநாளும் காணப்போகாத ஒரு கைம்பெண் காத்திருக்கிறார். அதனைக் கையில் எடுக்கும்போது நமக்கு அன்பு பொங்க வேண்டியதில்லை. செவிலியர் மூச்சை எண்ணுவதுபோல, அதனை ஒருமுறை மெய்யாகப் படித்தால் போதும்.