காலமும் கடிகாரமும்

காலமென்பது ஒன்றோ பலவோ, அது பொருளோ அன்றி மக்கள் கற்பித்துக்கொண்ட குறியோ என்னும் வினா, தருக்க நூலார்க்கும் சித்தாந்த நூலார்க்கும் நெடுநாட் பழகியதொன்று. அவ்வினா ஏட்டளவில் நில்லாது, கொடுத்த சொல்லைக் காக்க முயலும் மக்களின் நாட்கடன்களினூடே வந்து நிற்கும் இடங்களும் உலகில் உள்ளன. ஒரே மாகாணத்துள் இருவேறு நேரங்கள் வழங்கும் அமெரிக்க நாட்டுப் பகுதிகள் அத்தகையன. அவற்றுள் இந்தியானா மாகாணத்தை எடுத்துக்கொண்டு, மனிதர் வகுத்த நேரம் மனிதரைக் கட்டுமோ கட்டாதோ என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அம்மாகாணம் 92 கோட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் 80 கோட்டங்கள் கிழக்கு நேரத்தையும், எஞ்சிய 12 கோட்டங்கள் மத்திய நேரத்தையும் கைக்கொள்வன. அப்பன்னிரண்டனுள் ஆறு, சிக்காகோ நகரை அடுத்து வடமேற்கு மூலையிலும், ஆறு, எவான்ஸ்வில் நகரைச் சூழ்ந்து தென்மேற்கு மூலையிலும் உள்ளன. கிழக்கு நேரத்தில் மணி 9 ஆகும்பொழுது மத்திய நேரத்தில் மணி 8. கிழக்குப் பகுதியில் வீடும் மேற்குப் பகுதியில் தொழிலும் உடையான் ஒருவன், முக்கால் மணி நேரம் வண்டியிற் செல்பவனாயின், காலை 7 மணிக்குப் புறப்பட்டு 6.45 மணிக்குத் தொழிலிடம் சேர்வான். மாலை 5 மணிக்குத் தொழிலிடம் விட்டு 6.45 மணிக்கு வீடு சேர்வான். காலையிற் பெற்றதாக எண்ணிய ஒரு மணி மாலையிற் கழிந்தொழிகின்றது.

இந்நிலை வந்தவாறு யாங்ஙனமெனின், கூறுதும். 1883 ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்நாட்டில் ஒவ்வோரூரும் தன் தலைமேல் ஞாயிறு நிற்கும் பொழுதையே நண்பகலெனக் கொண்டது. அவ்வாண்டு நவம்பர் 18 ஆம் நாள் இருப்புப்பாதைக் கம்பெனிகள் தம் வசதிபற்றி நாட்டைச் சில நேரப் பகுதிகளாக வகுத்துக்கொண்டன. 1918 ஆம் ஆண்டில் அரசினர் அதனைச் சட்டமாக்கினர். எல்லை வகுக்குங்கால் வாணிப வசதியைக் கருதுக என்பது அச்சட்டத்தின் விதி. கிழக்கு நேரம் மேற்றீர்க்கம் 75 பாகையையும், மத்திய நேரம் 90 பாகையையும் பற்றியன. ஒரு பாகைக்கு 4 நிமிடம் ஆகலின், ஏறக்குறைய 86 பாகையில் உள்ள தலைநகராகிய இந்தியானாபோலிஸ் ஞாயிற்றுக் கணக்கால் மத்திய நேரத்திற்கே அணித்து. எனினும் அது கிழக்கு நேரத்தையே கைக்கொள்ளுதலின், ஆண்டு நண்பகல் சராசரியாகக் கடிகாரத்தில் 12.45 மணியளவில் நிகழும். கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைக்கும் கோடையிலோ 1.45 மணியளவில் நிகழும்.

2006 ஆம் ஆண்டுக்கு முன்னர் நிலைமை இன்னும் சிக்கலுடையதாய் இருந்தது. மாகாணத்தின் பெரும்பகுதி கடிகாரத்தை ஆண்டு முழுதும் மாற்றாது வைத்திருந்தது; மூலைக் கோட்டங்கள் மாற்றின; லூயிவில், சின்சினாட்டி நகரங்களை அடுத்த சில கோட்டங்கள் விதியைக் கடந்து தாமே மாற்றிக்கொண்டன. 2005 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தால், அடுத்த ஆண்டு முதல் மாகாணம் முழுதும் கோடையில் மாற்றும் வழக்கம் வந்தது. அப்பொழுது டூபாய்ஸ், நாக்ஸ், டேவிஸ், மார்ட்டின், பைக் என்னும் ஐந்து கோட்டங்கள் கிழக்கு நேரத்தினின்று மத்திய நேரத்திற்குப் போயின. 2007 ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் கிழக்கு நேரத்திற்கே வந்தன.

இதனைக் கண்ட ஒருசாரார், ‘அரசாணை ஒன்றால் நேரம் போகவும் வரவும் காண்கின்றோம், ஆகலின் காலமென ஒரு பொருளில்லை, அது மக்கள் கற்பனையே’ என்பர். அது பொருந்தாது. எவான்ஸ்வில் நகரில் ஒரு குழவி டிசம்பர் 31 ஆம் நாள் இரவு 11.30 மணிக்குப் பிறக்கின்றதெனக் கொள்க. அதே கணத்தில், ஏறக்குறைய 50 மைல் தொலைவில், டூபாய்ஸ் கோட்டத்து ஜாஸ்பர் என்னும் ஊரில் மற்றொரு குழவி பிறப்பின், அதன் பிறந்தநாள் ஜனவரி 1, மணி 12.30 என்று பதியப்படும். நாளும் திங்களும் ஆண்டும் வேறாயின. அவ்விரு குழவிகளும் 2006 ஆம் ஆண்டின் இறுதியிற் பிறந்திருப்பின், அப்பொழுது ஜாஸ்பரும் மத்திய நேரத்தில் இருந்தமையான், இரண்டற்கும் ஒரே நாள் பதியப்பட்டிருக்கும். இவற்றுள் மாறியது யாது? ஏட்டிற் பதிந்த குறியே மாறியது. பிறந்த கணம் மாறிற்றில்லை. சாதகம் கணிப்போரும் கடிகாரம் காட்டும் மணியோடு நில்லாது, அவ்வவ்விடத்து ஞாயிற்று நேரத்திற்குத் திருத்தியே இலக்கினம் காண்பர். அங்ஙனம் திருத்துங்கால் அவ்விரண்டூர்க்கும் இடையே உள்ள வேறுபாடு மூன்று நிமிடத்திற்கும் குறைந்ததே.

சித்தாந்த நூல்கள் காலத்தை வித்தியாதத்துவம் ஏழனுள் ஒன்றாக வைத்தன. அது மாயையினின்று தோன்றுவதாகிய சடம். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாய் நின்று, உயிர்க்கு வினைப்பயன் நுகர்ச்சியை வரையறுப்பது. அக்காலம் கோட்டத்துக் கோட்டம் வேறுபடுவதன்று. எல்லையைக் கடந்து ஒரு மணி பெற்றான் எனப்படுவோனுக்கு மூப்பு ஒரு மணி பிற்படுவதில்லை; நுகரவேண்டிய வினை ஒரு மணி ஒழிவதுமில்லை.

அற்றேல், ‘கடிகாரம் வெறுங்குறியாயின் அதுபற்றிக் கூறிய சொல் என்னைக் கட்டாது, என் நேரமே எனக்குச் சான்று’ என்பார் உளராலோ எனின், அதுவும் வழுவாம். நம் நாட்டில் மரக்கால் ஊர்தோறும் வேறுபட்டு வழங்கிய காலம் இருந்தது. மரக்கால் மாறியதனால் நெல் மிகவும் இல்லை, குறையவும் இல்லை. மரக்காலென்பது மக்கள் உடன்பட்டு அமைத்த குறியே. ஆயினும், பெரிய மரக்காலைக் கருதிக் கடன் கொடுத்தானுக்குச் சிறிய மரக்காலால் அளந்துவிட்டு, ‘மரக்கால் என்றுதானே சொன்னேன்’ என்பான் கள்வனேயன்றோ? குறி கற்பனையாயினும், குறிபற்றி ஒருவன் மற்றவனுக்குச் செய்த உடன்படிக்கை கற்பனையன்று. அது வாய்மையாகிய அறத்தின்பாற்படும்.

ஆகலின், எல்லையின் இருபுறத்தும் பழகுவோனுக்கு ஒரு கடமை மிகுதியாக உண்டு. ‘எட்டு மணிக்கு வருவேன்’ என்று அவன் கூறுங்கால், கேட்போன் எந்த எட்டு மணியைக் கொள்வான் என்பதனை எண்ணி, இன்ன நேரத்து எட்டு மணி என விளங்கவுரைத்தல் வேண்டும். விளங்கவுரையாது, பின்னர்த் தன் கடிகாரத்தைக் காட்டித் தப்புதல் பொய்ம்மையே. இரண்டு நேரமும் அறிந்தவனுக்கும் ஒன்றே அறிந்தவனுக்கும் இடையே வழக்கு நேரின், அறிந்தவனே பொறுப்புடையான். அறியாமையால் ஒரு மணி பிந்தி வந்த கூலியாளுக்குக் கூலியை மறுப்பானது செயல் சட்டத்துக்கு ஒத்ததாயினும் அறத்துக்கு ஒவ்வாது.

இனி, எல்லை வகுப்பாரையும் இவ்வறம் தொடரும். வாணிப வசதி கருதத்தக்கதே. அது ஒன்றே கருதத்தக்கது அன்று. இந்தியானாபோலிஸ் நகரில் ஜனவரித் தொடக்கத்தில் ஞாயிறு எழுவது 8 மணிக்குப் பின்னரே. பள்ளி செல்லும் சிறார் இருளில் தெருவோரம் நிற்க நேர்கின்றது. அவர் வாணிபரும் அல்லர்; தம் குறையை மன்றேறி உரைப்பாரும் அல்லர். பிறருடைய விழிப்பையும் உறக்கத்தையும் ஆணையால் மாற்ற வல்லார், உரைக்க மாட்டாதாரை முதற்கண் நினைத்தல் வேண்டும்.

இந்தியானாவை நோக்கி நாம் நகைத்தற்கும் இடமில்லை. 1906 ஆம் ஆண்டு தொடங்கி வழங்கும் இந்திய நேரம் 82½ பாகையைப் பற்றியது. சென்னைக்கு அது ஏறக்குறைய 9 நிமிடம் முற்பட்டது. நாமும் குறியொன்றற்கு உடன்பட்டே வாழ்கின்றோம். இரயிலுக்கு அக்குறியைக் கொள்கின்றோம். சந்திக்கும் பிரதோஷத்திற்கும் ஞாயிற்றைக் கொள்கின்றோம். அமெரிக்க நாட்டில் வாழும் சைவர்களும் தாம் உறையும் ஊரில் ஞாயிறு மறையும் பொழுதைக்கொண்டே பிரதோஷ வேளையைத் துணிதல் முறையாகும். எல்லையின் எப்புறத்து நிற்பினும் அப்பொழுது அவர்க்கு வழுவாது.

எனவே, தத்துவமாகிய காலம் மக்கள் ஆணைக்கு உட்படாதென்பதூஉம், வழக்காகிய நேரம் குறியேயாயினும் அதன்கண் வைத்த சொல் காக்கப்படுவதென்பதூஉம், அக்குறியை மாற்றும் உரிமையுடையார் எளியாரை நோக்கி மாற்றுதல் கடனென்பதூஉம் பெறப்பட்டன. இவற்றுள் நடுவணது நாடோறும் நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது.