தருமவியாதன் வீட்டுப் பணி



மகாபாரதத்தின் வனபர்வத்திலே மார்க்கண்டேய முனிவர் தருமபுத்திரருக்கு உரைத்த தருமவியாதன் சரிதத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். மரத்தடியில் வேதம் ஓதிக்கொண்டிருந்த கௌசிகன் என்னும் அந்தணன், தன்மேல் எச்சமிட்ட கொக்கைச் சினந்து நோக்க, அது வீழ்ந்து மாண்டது. பின்பு அவன் பிட்சைக்குச் சென்ற வீட்டிலே, பசியோடு வந்த கணவனுக்கு அன்னமிட்டுவிட்டுத் தாமதமாக வெளியே வந்த இல்லத்தரசி, சினந்து நின்ற அவனிடம் தான் கொக்கு அல்லள் என்று சொல்லி, தருமத்தின் சூட்சுமத்தை அறிய வேண்டுமானால் மிதிலையிலுள்ள வியாதனிடம் போகும்படி பணித்தாள். நம் நாட்டிலே இதைக் கொங்கணவர் என்னும் சித்தர் மீதும் வள்ளுவர் மனைவியாராகிய வாசுகி மீதும் ஏற்றிச் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கதையை அங்கேயே முடித்தும் விடுவார்கள். பெண்ணானவள் பொறுமையோடு பணிவிடை செய்தாள், அதனால் சித்தி பெற்றாள் என்று பெண்களுக்கே உபதேசம் செய்வதற்கு அது மெத்த வசதி.

பாரதமோ அங்கே முடிக்கவில்லை. மிதிலைக் கடைத்தெருவிலே, தான் கொல்லாமல் பிறர் கொன்ற இறைச்சியை விலைக்கு விற்றுச் சீவனம் செய்த வியாதன், கௌசிகனைத் தன் இல்லத்துக்கு அழைத்துச் சென்று, வயிறார உண்டு வெள்ளாடை உடுத்து நல்ல ஆசனத்தில் வீற்றிருந்த வயோதிகத் தாய் தந்தையரைக் காட்டி, இவர்களே தனக்குத் தெய்வம் என்கிறான். மனைவியும் மக்களும் உடனிருந்து பணி செய்கிற வீடுதான் அது. ஆயினும் அவர்களை நீராட்டுவதும், பாதம் கழுவுவதும், உணவு கொடுப்பதும் அவன் தன் கையாலேயே செய்கின்ற காரியங்கள். பிறகு கௌசிகனை நோக்கி, நீ சொல்லாமல் விட்டு வந்த உன் பெற்றோர் உன்னையே நினைந்து அழுது கண்ணிழந்தார்கள், முதலில் அவர்களைப் போய்ப் பார் என்று அனுப்பிவைக்கிறான். ஆகவே, கடையை நடத்திக்கொண்டே வீட்டில் முதியோரைப் பேணிய ஓர் ஆண்மகன், பேண மறந்த மற்றோர் ஆண்மகனுக்குச் செய்த உபதேசம் இது. இவ்வளவு தெளிவான விஷயத்தை நம் கதாப்பிரசங்கிகள் எவ்வாறு கடந்துபோனார்கள் என்பது எனக்கு ஆச்சரியமே.

இனி நம் சிவகாசிக்கு வருவோம். 1920-களில் இவ்வூரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த நாள்தொட்டு, மழையை நம்பி ஏமாந்த இந்தக் கரிசல் பூமியில் எத்தனையோ வீடுகளில் உலை கொதிப்பது பெண்களின் விரல்களால்தான். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறவர்களும், பட்டாசு ஆபீஸில் சரம் பின்னுகிறவர்களும், திண்ணையில் அமர்ந்து பெட்டி ஒட்டுகிறவர்களும் அவர்களே. எண்ணிக்கைக்குக் கூலி ஆகையால், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக ஒரு நாழிகை எழுந்தால் அந்த நாழிகையின் கூலி போயிற்று. திண்ணையிலிருந்து ஒட்டுகிறவளைப் பற்றியோ, சும்மா வீட்டில்தான் இருக்கிறாள் என்று அவள் கணவனே சொல்லக் கேட்டிருக்கிறேன். 2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகத்தார் நாடெங்கும் எடுத்த கணக்கிலே, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் அதில் செலவிட்டதாகத் தெரிந்தது. அதிலும் ஆண்களில் அவ்வேலையைத் தொட்டவர்களே நூற்றுக்கு 26 பேர்தாம். மிதிலை வியாதன் நம்மூரில் பிறந்திருந்தால் சிறுபான்மையினன் ஆகியிருப்பான்.

இத்தகைய பணியை இறைவனே ஏற்றதும் உண்டு. திருச்சிராப்பள்ளிக்குப் போனவர்கள் தாயுமானவரைத் தரிசித்திருப்பீர்கள். காவிரி வெள்ளத்துக்கு அக்கரையில் தாய் தடைப்பட்டு நிற்க, இக்கரையில் பிரசவ வேதனையில் தவித்த செட்டிப் பெண்ணுக்கு இறைவன் பொறுமையை உபதேசிக்கவில்லை. அந்தத் தாயின் உருவில் வந்து, மருந்தரைத்து, பிள்ளையை ஏந்தி, வெள்ளம் வடியுமட்டும் உடனிருந்தான் என்கிறது தலபுராணம். விருதுநகரிலே பிறந்த காமராஜர், முதலமைச்சராக இருந்தபோது பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைக்கச் செய்ததையும் நான் அந்த வரிசையிலேயே வைப்பேன். உச்சிவேளையில் வேலையை விட்டு வர இயலாத தாய்க்குப் பதிலாக ஒருவர் சோறு பரிமாறினார் அல்லவா?

தொட்டில் பருவத்துப் பிள்ளைக்கு அந்தச் சோறு போதாது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பறை இருக்கவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 1976-இல் அந்தத் தொகை 30 ஆகக் குறைக்கப்பட்டது. இங்கோ வெடிமருந்து கலக்கும் அறைகளுக்கு வெகு தூரத்தில் அதனை அமைத்தாலன்றிப் பிள்ளைக்கு அபாயம் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காப்பறை அமைப்பது தருமமன்று, கடன். ஆலை அதிபர்கள் இதற்குப் புண்ணியம் எதிர்பார்க்கலாகாது. ஆனால், ஆள்தொகை குறைந்த சிறு ஆபீஸ்களையும் திண்ணைகளையும் அந்த விதி எட்டியதில்லை. அத்தகைய தெருக்களிலே ஒரு காப்பகம் வைத்து நடத்துவதற்குக் கோயில் கும்பாபிஷேக நிதியிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கி, அதனைத் திருப்பணிக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். இவ்வூர்க் காசி விசுவநாத சுவாமி அதற்கு ஆட்சேபம் சொல்லமாட்டார்.