கத்தி யார் கையில்?

வண்டலூரிலிருந்து வாலாசாபாத் செல்லும் சாலையில், படப்பைக் கடைத்தெருவைக் கடப்போர் இருவகைப் பலகைகளைக் காணலாம். ஒன்று ஆடவர் முடிதிருத்தகம். மற்றொன்று மகளிர் அழகு நிலையம். முன்னதில் மீசையைக் கத்தரித்துச் சீர் செய்கிறார்கள். பின்னதில் மேலுதட்டு மயிரை நூலிட்டு வேரோடு பிடுங்குகிறார்கள். இரண்டும் மனித உதடுதான். ஆனால் அங்கே வீரம், இங்கே வெட்கம்! இந்தத் தீர்ப்பை எழுதியவர் யார்?

இயற்கை எழுதவில்லை. பருவம் எய்துகையில் ஆண்ட்ரோஜன் என்னும் சுரப்பு இருபாலார் உடலிலும் வேலை செய்கிறது. அக்குளில் மயிர் முளைப்பது இருவருக்கும் பொது. வேறுபடுவது அளவே. பெண்ணின் முகத்தில் திடீரென மிகுந்து வளருமாயின், அது சினைப்பைக் கோளாற்றின் அறிகுறியாக இருக்கக்கூடும். நாட வேண்டியது மருத்துவரை. நோய்க்குறி குற்றமாகுமா?

எழுதியது சமுதாயம். கணவனை இழந்தவளின் தலையை மழித்து மூலையில் அமர்த்தியது வைதீகம். 1890-இல் பம்பாயில் முடிதிருத்தும் தொழிலாளர்கள் கூடி, கைம்பெண்ணின் தலையில் இனிக் கத்தி வைக்கமாட்டோம் என்று உறுதி பூண்டனர். சாத்திரம் கற்றோர் பலர் தயங்கிய இடத்தில், கத்தி பிடித்தோரின் நெஞ்சம் கசிந்தது! 2017-இல் குஜராத்திலோ, மீசை வைத்த ‘குற்றத்துக்காக’த் தாழ்த்தப்பட்ட இளைஞர் தாக்கப்பட்டனர். அவளுக்கு ‘மழித்தே தீர வேண்டும்’. இவனுக்கு ‘வளர்க்கவே கூடாது’. கட்டளைகள் இரண்டு, ஆணவம் ஒன்றே.

சாத்திரம் தளர்ந்த இடத்தில் சந்தை வந்து அமர்ந்தது. அமெரிக்காவில் 1915-இல் ஜில்லெட் நிறுவனம் மகளிர்க்கெனச் சவரக் கருவி விற்கத் தொடங்கியது. கையில்லாச் சட்டையும் வந்தது. அக்குள் மயிர் அவமானம் என்ற விளம்பரமும் வந்தது. அந்த வெட்கம் இன்று நம் ஊர் அழகு நிலையம் வரை வந்துவிட்டது.

அப்படியானால், ‘மழிக்காதே’ என்று நாம் ஆணையிடலாமா? கூடாது. அது புதிய சாத்திரமாகிவிடும். அழகு நிலையம் சென்று வரும் தங்கையை ‘அடிமை’ என்று ஏளனம் செய்யும் தோழர்கள் நம்மிடையிலும் உண்டு. காலையில் கன்னம் மழித்து, மாலையில் மேடையேறும் நமக்கு அந்த உரிமை ஏது?

நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: செய்யாவிட்டால் தண்டனை உண்டா? மழிக்காத ஆணைச் சோம்பேறி என்பர், அவ்வளவே. மழிக்காத பெண்ணுக்கோ பள்ளியில் பட்டப்பெயர், பெண் பார்க்க வந்த இடத்தில் முகச்சுளிப்பு, வேலையிடத்தில் கேலி. தண்டனை உள்ளவரை அதற்கு விருப்பம் என்று பெயரிடுவது பொய். ஒழிக்க வேண்டியது மயிரையன்று, மழிப்பதையுமன்று, அந்தத் தண்டனையை. அதைத் தருவோர் நாமும்தான். நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

படப்பைக்கு அதிகத் தொலைவில் இல்லாத செங்கற்பட்டில், 1929-இல் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. சொத்துகளுள் முதற்சொத்து அவரவர் உடலன்றோ? கத்தி அவள் கையில் இருக்கட்டும். எடுப்பதும் வைப்பதும் அவள் விருப்பம்!