கோடு நகர்ந்தால் குறை தீருமா?

முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைப் பற்றி வாக்குவாதம் கிளம்பும்போதெல்லாம், கேரளத்தின் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லும் முழக்கமும் கூடவே கிளம்புகிறது. 2011 டிசம்பரில் அது முழக்கத்தோடு நிற்கவில்லை. இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் கூலிக்கு இருந்த தமிழர்கள் அஞ்சித் தேனிப் பக்கம் ஓடி வந்தார்கள். இங்கே தமிழகத்தில் மலையாளிகளின் கடைகள் நொறுங்கின. அணைக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

எல்லையை நகர்த்துவது அறமான வழி அல்ல. இருக்கும் இடத்திலேயே உரிமை கிடைக்கச் செய்வதே வழி.

தமிழர் செறிந்த ஊர் தமிழகத்தை நாடுவதில் நியாயம் இல்லாமலில்லை; திருவிதாங்கூர்த் தமிழர் 1954இல் அதற்காகத் துப்பாக்கிச் சூட்டில் உயிரையே கொடுத்தார்கள். 1956இல் குமரிப் பகுதி வந்தது. தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர் வரவில்லை. ஆனால் தமிழர், மலையாளிகள், பழங்குடியினர் எல்லோரும் கலந்து வாழும் மலையில் எங்கே கோடு போட்டாலும் ஒரு சிறுபான்மை மிஞ்சத்தான் செய்யும்.

மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டில் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் உறங்கிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மாநிலம் மாறியிருந்தால் பிழைத்திருப்பார்களா? வால்பாறை தமிழகத்தில்தான் இருக்கிறது, அங்கும் லயம்தான். 2015இல் மூணாறு வீதியை மறித்த ‘பெம்பிளை ஒருமை’ அமைப்பின் தோட்டத் தொழிலாளப் பெண்கள் கேட்டது 20 சதவீத போனஸ். எல்லையை அல்ல. போராடிப் பெற்றார்கள். தேவிகுளம் தனித்தொகுதியில் 2021இல் வென்று தமிழில் பதவியேற்ற ஏ. ராஜா கிறித்தவர் என்று சொல்லி, அவர் வெற்றி செல்லாது என்றது கேரள உயர் நீதிமன்றம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் வெற்றியை உறுதி செய்தது. மதமும் பூர்வீகமும் பின்னிய அந்த வழக்கில் ஒரு கல்கூட வீசப்படவில்லை என்பதை முழக்கமிடுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மோதலைத் தவிர்க்கத்தான் நம் முன்னோரும் சொன்னார்கள். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதியபோது இருவரும் ஒரே குடி என்று இடித்துரைத்தார் கோவூர் கிழார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது நடந்தார் அவ்வையார். இகல் என்னும் பகையுணர்வின் கேட்டைச் சொல்லவென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார் வள்ளுவர். சிலம்பைத் தமிழுக்குத் தந்த இளங்கோவோ சேரர் குடியினர். அவரை எந்த மாநிலத்துக்கு எழுதிக் கொடுப்பது?

குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கும் இரு மாநிலங்களும் உரிமை கோருகின்றன. இருந்தும் சித்ரா பௌர்ணமியன்று இரு தரப்புப் பூசாரிகளும் பூசை செய்கிறார்கள். அந்த ஒரு நாளுக்காக இடுக்கி, தேனி ஆட்சியர்கள் ஆண்டுதோறும் கூடிப் பேசுகிறார்கள். எல்லை தாண்டிக் கூலிக்குப் போகிறவர்களின் பாதுகாப்பையும் அதே கூட்டத்தில் பேசி முடிவெடுக்க அவர்களுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.