சுட்டெண்ணும் பெயரும்

எங்கள் பக்கத்தில் பரீட்சையைச் 'சோதினை' என்றுதான் சொல்லுவோம். ஓ.எல். சோதினை, ஏ.எல். சோதினை. சென்றியில் பஸ்ஸை மறித்து இறக்கிப் பையைக் கிண்டுவதும் சோதினைதான். கடவுள் தருகிற கஷ்டமும் சோதினைதான். மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழி எங்களுடையது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பிரான்சுக்கு வந்து பார்த்தால் இவர்களும் லேசுப்பட்டவர்களல்ல. 'கொந்த்றோல்' என்ற சொல்லை நான் முதலில் கற்றது மெத்ரோ வாசலில் ரிக்கற் பார்க்கிறவர்களிடம். இரண்டாவது, கார் து நோர் பக்கத்தில் அடையாள அட்டை கேட்கிற பொலிசிடம். மூன்றாவது, அக்காவின் மகள் பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு கடதாசியில்: 'கொந்த்றோல் கொந்தினு'. தொடர் மதிப்பீடு என்று மொழிபெயர்க்கலாம். விடாமல் நடக்கிற சோதினை என்றாலும் பிழையில்லை.

கடதாசி சொல்வது இதுதான். ஒவ்வொரு பாடத்திலும் சிறிய வகுப்பு ஒன்று உண்டு. அதற்கு வரவு கட்டாயம். அந்த வகுப்பிலேயே பருவம் முழுவதும் சிறு பரீட்சைகள், ஒரு வாய்மொழி, ஒரு கட்டுரை. எல்லாவற்றுக்கும் 20க்குப் புள்ளி. சராசரி 10 வந்தால் சித்தி. ஒரு பாடத்தில் விழுந்ததை இன்னொரு பாடத்தில் எடுத்த நல்ல புள்ளி தூக்கிவிடும். (எங்கள் நாட்டில் இந்த ஈவிரக்கத்தை நான் கண்டதில்லை.) காரணம் காட்டாமல் பரீட்சைக்கு வராவிட்டால் உன்னைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். ஆனால் வேலை செய்கிற மாணவர், நோயாளி, பிள்ளை வளர்க்கிறவர் போன்றோர் விண்ணப்பித்தால் வகுப்பு வரவிலிருந்து விலக்குப் பெற்று, பருவ முடிவில் ஒரேயொரு பரீட்சை எழுதலாம். அக்காவின் மகள் சனிக்கிழமையும் கிழமையில் இரண்டு பின்னேரமும் வேலை செய்கிறாள். அவளுக்கு விலக்குக் கிடைக்கும். பருவத் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டும். "எது நல்லம் மாமா?" என்று கேட்டாள்.

பல்கலைக்கழகத்தை மூன்றாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்து கோப்பை கழுவுகிறவனிடம் கேட்கிற கேள்விதானா இது என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதனை மதிப்பிடுகிறவன் அவனை அறிந்திருக்க வேண்டுமா, அறியாமல் இருக்க வேண்டுமா? கேள்வி அதுதான்.

நாங்கள் உயர்தரப் பரீட்சை எழுதியபோது விடைத்தாளில் பெயர் எழுதவில்லை. சுட்டெண் மட்டும்தான். ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. அந்த வயதில் அது அவமானமாகத்தான் இருந்தது, பன்னிரண்டு வருடம் படித்து ஒரு இலக்கமாகிப் போனோமே என்று. பிறகுதான் விளங்கியது, பெயரே வழக்காகிவிடுகிற ஒரு நாட்டில் என் பெயரைக் கேட்காத ஒரே அரசாங்கக் கடதாசி அதுதான் என்று. சென்றியில் நிற்பவனுக்கு அடையாள அட்டையில் என் பெயரைப் பார்த்ததுமே எல்லாம் தெரிந்துவிடும். திருத்துகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனால் எனக்கு இரங்கவும் முடியாது, என்னை வெறுக்கவும் முடியாது.

சீனாவில் சொங் வம்சத்து அரசர் காலத்தில் (960–1279) இதை இன்னும் கடுமையாகச் செய்தார்கள். அரச உத்தியோகப் பரீட்சைத் தாளில் பெயரை மறைத்து ஒட்டினார்கள். அது போதாதென்று, கையெழுத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று எழுத்தர்களை இருத்தி ஒவ்வொரு விடைத்தாளையும் புதிதாகப் படியெடுத்தார்கள். திருத்துகிறவர் கண்டது அந்தப் படியைத்தான். பெரிய குடும்பத்துப் பிள்ளையின் கையெழுத்துக்கூடப் பேசும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

ஆனால் குருட்டுத்தனம் மட்டும் நீதியாகிவிடாது என்பதை எங்களை விட நன்றாக அறிந்தவர் யார்? திருத்தி முடித்த பிறகு மேசையில் வைத்துக் கணக்கை மாற்றலாம். 1971 அனுமதியில் மருத்துவபீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு வேண்டியிருந்த புள்ளி 400க்கு 250. சிங்கள மொழிமூல மாணவருக்கு 229. தரப்படுத்தல் எங்கள் அரசியலை எங்கே கொண்டுபோய் விட்டது என்று இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியது வேறொன்று. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டில் உள்ளே போனவன் நான். மன்னார் மாவட்டம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் என்னை விடக் கூடிய புள்ளி எடுத்தவர்கள் வெளியே நின்றார்கள். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்தவனையும் நாலு ரியூற்றறிக்குப் போய்வந்தவனையும் ஒரே கோட்டில் நிறுத்துவது நியாயமில்லை என்று யாரோ நினைத்ததால் எனக்கு அந்த இடம் கிடைத்தது. அதை மறைத்து எழுதினால் நான் எழுதுவது பொய். திருத்துகிறவன் கண்ணைக் கட்டிக்கொள்ளட்டும், உள்ளே எடுக்கிறவன் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தவன் எதைப் பார்க்கிறான், எங்கள் மொழியையா, எங்கள் பள்ளிக்கூடத்து ஓட்டைக் கூரையையா என்பதில்தான் வில்லங்கம் எல்லாம்.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு முப்பது வீதம் உள்ளக மதிப்பீட்டுக்கு, எழுபது வீதம் இறுதிப் பரீட்சைக்கு. ஒப்படை, இடைப் பரீட்சை, கருத்தரங்கு. வரவு எண்பது வீதத்துக்குக் கீழே போனால் இறுதிப் பரீட்சைக்கு இருக்க முடியாது. விரிவுரையாளர்கள் சொன்ன நியாயம் சரியான நியாயம்தான். மூன்று மணித்தியாலப் பரீட்சை மனப்பாடக்காரனுக்கு உதவுகிறது, மெதுவாக யோசிக்கிறவனுக்கு அநியாயம் செய்கிறது, ஒருநாள் தலையிடி ஒரு வருடத்தைத் தின்றுவிடுகிறது. எல்லாம் உண்மை.

2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. வீட்டுக்கென்று வன்னிக்குப் போயிருந்த எங்கள் வகுப்புக்காரன் ஒருவன் அந்தப் பக்கம் அகப்பட்டுப்போனான். சுற்றி வளைத்துக் கப்பலேறி அவன் வந்து சேர மாதங்கள் ஆயின. வகுப்பில் மெய்யியலை உண்மையாகவே விளங்கிப் படித்தவன் அவன்தான் என்பது என் அபிப்பிராயம். வந்து பார்த்தால் வரவு இல்லை, ஒப்படை இல்லை, இடைப் பரீட்சை இல்லை. விரிவுரையாளருக்கு அவனில் விருப்பம். ஆனாலும் ஒன்றும் செய்ய இயலவில்லை. காய்ச்சலுக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுக்கலாம். பாதை மூடியதற்குச் சான்றிதழ் தர எந்த டொக்டர் இருக்கிறார்? அடுத்த வருடம் கனிஷ்ட மாணவர்களோடு எழுதினான். மீள எழுதுகிறவன் என்பதால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சி' தரத்துக்கு மேல் கிடையாது என்பது விதி. பெறுபேற்றுத் தாளில் அந்த 'சி' மட்டும் இருக்கும். கப்பல் இருக்காது.

யாரிலும் பிழை சொல்ல முடியாத அநியாயம் இது. பிழை 'தொடர்' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. தொடர் மதிப்பீடு தொடர்ச்சியான ஒரு வாழ்க்கையை எடுகோளாக வைத்துக்கொள்கிறது. காலையில் எழும்பினால் நேற்றைய பாதை இன்றும் இருக்கும், நேற்றைய வீடு இன்றும் இருக்கும் என்று நம்புகிறவர்களுக்காக உண்டாக்கப்பட்ட முறை அது. 2009 ஆகஸ்டில் செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்த பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். மூன்று மாதத்துக்கு முதல் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று உலகத்துக்குத் தெரியும். அவர்களுடைய புள்ளியில் பாதியை இரண்டு வருட வகுப்பு வேலைக்கென்று ஒதுக்கியிருந்தால் எதைக் காட்டியிருப்பார்கள்? கொப்பிகள் எங்கே கிடக்கின்றன என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கொடிய மூன்று மணித்தியாலம் அவர்களிடம் கேட்டது ஒன்றைத்தான்: இன்றைக்கு வந்து இரு, எழுது. அதுவரைக்கும் எங்கே இருந்தாய் என்று கேட்கவில்லை.

ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட தண்டனை பற்றிய நூலில் பரீட்சையை ஓர் அதிகாரக் கருவியாகப் பார்க்கிறார். கண்காணிப்பும் தீர்ப்பும் அதில் ஒன்று சேர்கின்றன, ஒவ்வொருவனும் ஒரு கோவையாகிறான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். எங்கள் இலக்கியச் சந்திப்புகளில் இதைச் சொல்லாமல் ஒரு கூட்டமும் முடிவதில்லை. நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் கோவை கூடிப்போனவர்களின் துன்பம் அது. கோவையில் பாதிப் பக்கம் காணாமற்போனவனின் துன்பம் வேறு. அகதி விசாரணைக்கு இருந்தபோது நான் எதிர்ப்பக்கம் விழுந்ததையும் சொல்ல வேண்டும். அது இறுதிப் பரீட்சையேதான். சில மணித்தியாலம், முன்பின் தெரியாத ஓர் அதிகாரி, திகதிகள், திகதிகளுக்கிடையே முரண். அங்கே மட்டும், என்னைப் பத்து வருடம் கண்ட ஒருவர் வந்து 'இவனை எனக்குத் தெரியும்' என்று சொல்ல மாட்டாரா என்று மனம் கிடந்து அடித்தது.

கோடு எங்கே கீறப்படுகிறது என்பதிலும் புனிதம் ஒன்றுமில்லை. 1968 மே கலவரத்தால் பிரான்சில் அந்த வருடப் பக்கலொறியாவை வாய்மொழியாக மட்டும் நடத்தினார்கள். 80 வீதத்துக்கு மேல் சித்தி. தரம் கெட்டுவிட்டது என்று சொல்ல வசதியான ஆண்டு. நாற்பது வருடம் கழித்து, 2008இல், எரிக் மோரன், சான்ட்ரா மக்நலி என்ற இரு பொருளியலாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். அந்த இளக்கத்தால் பல்கலைக்கழகம் புகுந்தவர்கள் பிற்காலத்தில் நல்ல வேலையும் நல்ல சம்பளமும் பெற்றிருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் நன்றாகப் படித்திருக்கிறார்கள். மற்ற வருடங்களில் கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை என்னவென்று சொல்வது? 2020இல் கொரோனாவால் எழுத்துப் பரீட்சையை நிறுத்தி வகுப்புப் புள்ளியையே கணக்கில் எடுத்தபோது சித்தி வீதம் 88இலிருந்து 95க்கு மேல் ஏறியது. 2021இலிருந்து அந்தப் பரீட்சையில் 40 வீதம் தொடர் மதிப்பீடு. எந்த லிசேயில் போட்ட புள்ளி என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் ஆட்சேபித்தன. பாரிசின் புறநகரில் பிள்ளை வளர்க்கிற எங்களுக்கு அந்தப் பயம் விளங்கும்.

குசினி என்பது தொடர் மதிப்பீடுதான். புள்ளித்தாள் இல்லை, இறுதி நாள் இல்லை. ஒரு குக்கை ஒருநாள் பரீட்சித்துப் பார்த்து எடுக்கிற வழக்கம் உண்டு. அந்த ஒருநாளில் பிரமாதமாகச் செய்துவிட்டு இரண்டாவது கிழமை காணாமற்போனவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆகவே நாளாந்தம் பார்த்தால் கூடுதலான உண்மை தெரியும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பார்க்கப்படுகிறவனுக்கு என்ன நடக்கிறது? எங்கள் குசினியில் கோப்பை கழுவிய ஒரு பெடியன் சோஸ் வைக்கப் பழகியது திங்கட்கிழமைகளில், கடை பூட்டிக் கிடக்கும்போது. பத்றோன் இல்லை, செஃப் இல்லை. தீய்ந்தால் ஊற்றிவிட்டு மறுபடி வைத்தான். செஃப் நிற்கிற நாளில் அவன் கரண்டியைத் தொட்டதில்லை. படிப்பென்பது பெருமளவுக்கு அந்தத் திங்கட்கிழமைதான். பிழை விடலாம், அது எங்கும் பதியப்படாது. ஒவ்வொரு கிழமையும் புள்ளி போடுகிற பல்கலைக்கழகம் மாணவனிடமிருந்து அதைத்தான் எடுத்துவிடுகிறது. மூன்றாம் கிழமையில் விளங்காதது பதினோராம் கிழமையில் விளங்கினால், மூன்றாம் கிழமைப் புள்ளி ஏன் அவன் சராசரிக்குள் கிடக்க வேண்டும்?

இவ்வளவையும் அக்காவின் மகளுக்குச் சொன்னேன். விலக்கு எடு, கடைசியில் ஒரே சோதினையாக எழுது, உன்ர நேரம் உன்ர கையில் இருக்கும் என்றேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, அந்தச் சின்ன வகுப்பில வாத்தியாருக்கு என்ர பெயர் தெரியும். பிழையாத்தான் உச்சரிக்கிறார், ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுறார். போன கட்டுரையில அரைப் பக்கத்துக்குக் குறிப்பு எழுதித் தந்தவர். பெரிய மண்டபத்தில நானூறு பேருக்குள்ள போய் இருந்தா, நான் இருக்கிறதே ஆருக்கும் தெரியாது." அவள் தொடர் மதிப்பீட்டையே எடுத்தாள்.

பெயர் தெரியாமல் இருப்பது எனக்குப் பாதுகாப்பு. அவளுக்கு அது காணாமற்போவது. இரண்டு பேரும் இரண்டு நாட்டில் வளர்ந்திருக்கிறோம், இதில் எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்க்க எனக்கு முடியவில்லை. ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன். எந்தக் கல்லூரியானாலும் இரண்டு கதவும் இருக்க வேண்டும். தன்னை அறிந்தவர் மதிப்பிட வேண்டும் என்று கேட்கிறவனுக்கு ஒன்று, இலக்கத்தோடு வந்து எழுதிவிட்டுப் போக விரும்புகிறவனுக்கு ஒன்று. இரண்டாவது கதவால் போகிறவனிடம் ஏன் என்று கேட்கக்கூடாது.

பிரான்சில் கேட்கிறார்கள். வேலை செய்கிற மாணவர் விலக்குக்கு வேலை ஒப்பந்தம் காட்ட வேண்டும். எங்கள் குசினியில் ஒரு வங்காளதேசத்துப் பெடியன் நிற்கிறான், மாணவர் விசா. அந்த விசாவில் வருடத்துக்கு 964 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அறை வாடகை அந்தக் கணக்குக்குள் அடங்காது. மிச்சம் கறுப்பில். ஒப்பந்தத்தில் உள்ள சொற்ப மணித்தியாலத்துக்கு விலக்குக் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்ற மணித்தியாலங்களுக்கு அவனிடம் கடதாசி இல்லை. இரவு ஒரு மணிக்கு அடுப்பைத் துடைத்துவிட்டுப் போகிறான். காலை எட்டு மணி வகுப்பில் வரவு எடுப்பார்கள்.