யார் பெரியவர்?

கப்பர்நாகூமுக்குச் செல்லும் வழியில் சீடர்கள் தங்களுக்குள் வாதாடிக்கொண்டு போனதாக நற்செய்தியாளர் மாற்கு எழுதுகிறார். வீடு சேர்ந்ததும், வழியில் என்ன பேசிக்கொண்டு வந்தீர்கள் என்று ஆண்டவர் வினவினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தங்களுள் யார் பெரியவர் என்பதே அவர்களுடைய வாதம். அந்த மௌனம் நமக்கும் பழக்கமானதுதான். பெரியவர் யார் என்று தெருவில் வாதாடும்போது நமக்கிருக்கும் துணிவு, அதே வாதத்தை ஆண்டவர் திருமுன் எடுத்துரைக்கும்போது இருப்பதில்லை.

ஆயினும் இத்தகைய வாதங்கள் யாவும் வெட்கத்துக்குரியனவா? தம்மை உயர்த்தி வாதாடுவது ஒன்று. தாம் போற்றும் பிறரை உயர்த்தி வாதாடுவது வேறொன்று. இந்த இரண்டாம் வகையை ஆராய்வதற்கு நமக்குத் தொலைவிலுள்ள ஓர் எடுத்துக்காட்டைத் தேர்ந்துகொள்வோம். அருகிலுள்ளதை எடுத்தால் நம் விருப்பு வெறுப்புகளே தீர்ப்பை எழுதிவிடும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்னுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், கோரியோ விரிகுடாவின் கரையில் ஜீலாங் என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. 1859-ஆம் ஆண்டு அங்கே ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கப்பட்டது. அவர்கள் ஆடுவது நாமறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்து. முட்டை வடிவத் திடல். அணிக்குப் பதினெட்டுப் பேர். இரு முனையிலும் நந்நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரு கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஆறு புள்ளி. அவற்றின் பக்கவாட்டில் போனால் ஒரு புள்ளி. பந்தைக் கையால் எறியக்கூடாது. ஒரு கையில் ஏந்தி மறுகை முட்டியால் குத்தித்தான் தோழனுக்கு அனுப்ப வேண்டும்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடைய அக்கழகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் யார்? ஜீலாங் நகரில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கு இது. முதியவர் ஒரு பெயரைச் சொல்வார். அவர் மகன் மறுத்து வேறொரு பெயரைச் சொல்வார். பேரன் இருவரையும் மறுப்பான். அவரவர் இளமையில் கண்டவரே அவரவர்க்குப் பெரியவர். எனினும் இவ்வழக்கில் வாதிடப்படும் பெயர்களைக் கூர்ந்து நோக்கினால், ஆட்டத்துக்கு அப்பாலும் நாம் கற்கத்தக்கது உண்டு.

முதற்பெயர் கிரஹாம் ஃபார்மர். ‘பாலி’ என்பது செல்லப்பெயர். மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கார் தொல்குடியைச் சேர்ந்தவர். பெற்றோர் மடியில் வளரும் பேறின்றி, பெர்த் நகரில் தொல்குடிக் குழந்தைகளுக்கென அமைந்த இல்லமொன்றில் வளர்ந்தவர். பெர்த்தில் புகழ் பெற்றபின் 1962-இல் ஜீலாங்குக்கு வந்தார். வந்த ஆண்டே முழங்காலில் பலத்த காயம். மறு ஆண்டு, 1963-இல், ஜீலாங் வாகை சூடியது. அக்கழகத்துக்காக அவர் ஆடியவை 101 ஆட்டங்களே. ஆனால் அவற்றுள் ஆட்டத்தின் இயல்பையே மாற்றினார். கையால் பந்தைக் குத்தி அனுப்புவது, அகப்பட்டுக்கொண்டவன் தப்புவதற்கான வழி என்றே பெரும்பாலும் கருதப்பட்டு வந்தது. ஃபார்மரோ அதைத் தாக்குதலின் தொடக்கமாக்கினார். உயரே பாய்ந்து பந்தைப் பற்றி, கால் தரையில் படுமுன்னரே, தொலைவில் ஓடிவரும் தோழனின் கைக்கு அதை அனுப்பிவிடுவார். இன்று அவ்வாட்டத்தை ஆடும் சிறுவர் யாவரும், அறிந்தோ அறியாமலோ, அவர் திறந்த வாயில் வழியாகவே நுழைகின்றனர்.

இரண்டாம் பெயர் கேரி ஆப்லெட். 1984 முதல் 1996 வரை ஜீலாங்குக்காக 242 ஆட்டங்களில் 1021 கோல்கள். 1989-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் அவர் ஒருவரே ஒன்பது கோல்கள் போட்டார். ஆனால் ஹாதார்ன் அணியிடம் ஜீலாங் ஆறு புள்ளியில், அதாவது ஒரே கோல் அளவில், தோற்றது. தோற்ற அணியிலிருந்தும் அன்றைய சிறந்த ஆட்டக்காரருக்கான பதக்கம் அவருக்கே வழங்கப்பட்டது. நான்கு இறுதியாட்டங்களில் ஆடியும் ஒருமுறையேனும் வாகை சூடும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும், கண்ணால் கண்டும் நம்பவொண்ணாத செயல்களை அவர் செய்ததனால், ரசிகர்கள் அவருக்கு இட்ட பெயர் ‘கடவுள்’.

மூன்றாம் பெயர் அவருடைய மகன். தந்தையின் பெயரே மகனுக்கும். 2007-இல் ஜீலாங் 44 ஆண்டுக் காத்திருப்பை முடித்து வாகை சூடியபோதும், மீண்டும் 2009-இல் சூடியபோதும் அணியில் இருந்தவர். 2010-க்குப்பின் புதிய கழகமொன்றுக்குப் போய், 2018-இல் தாய்க்கழகத்துக்குத் திரும்பி, 2020-இல் ஓய்வு பெற்றார்.

நான்காம் பெயர் ஜோயல் செல்வுட். 2007 முதல் 2022 வரை ஒரே கழகத்தில் 355 ஆட்டங்கள், நான்கு வாகைகள், பதினோர் ஆண்டுத் தலைமை. தலையில் கட்டும் முகத்தில் குருதியுமாக எழுந்துநிற்கும் தோற்றமே அவரை நினைவுகூர்வோரின் மனத்தில் பதிந்த படம். எதிராளி தோளுக்குமேல் பிடிக்கும்படி உடலைத் தாழ்த்தி ‘ஃப்ரீ கிக்’ வாங்கும் தந்திரக்காரர் என்று மாற்றணியினர் குறைகூறியதும் உண்டு.

இந்நால்வரையும் எத்தராசில் நிறுப்பது? எல்லாரும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதாக எண்ணினாலும், உண்மையில் அவர்கள் விடை சொல்வது மூன்று கேள்விகளுக்கு. ஆப்லெட்டின் பெயரைச் சொல்பவர் கொடையின் அளவைக் கருதுகிறார். ஃபார்மரின் பெயரைச் சொல்பவர், அக்கொடையால் பிறருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கிறார். செல்வுட்டின் பெயரைச் சொல்பவர் நிலைத்து நின்ற உண்மைப்பற்றைப் போற்றுகிறார். கொடை, பயன், பற்றுறுதி என்னும் மூன்றையும் ஒரே எடைக்கல்லால் நிறுக்க முயல்வதாலேயே வழக்கு தீர்வதில்லை.

இவ்விடத்தில் புனித தாமஸ் அக்குவினாஸ் வகுத்துக் காட்டும் ஒரு வேறுபாடு நமக்குக் கைகொடுக்கும். அருள் இருவகைப்படும் என்கிறார் அவர். ஒன்று, மனிதனைக் கடவுளுக்கு உகந்தவனாக்கும் அருள். நம் பழைய ஞானோபதேசத்தில் ‘தேவ இஷ்டப்பிரசாதம்’ என்று மனப்பாடம் செய்தோமே, அது. மற்றொன்று, பிறருடைய நன்மைக்காக ஒருவர் வழியாகத் தரப்படும் கொடை. இரண்டாவதைப் பெற்றதனாலேயே ஒருவர் புனிதராகிவிடுவதில்லை. பிலயாம் இறைவாக்கு உரைத்தான். கயபாவும் தான் அறியாமலே உரைத்தான். வாக்கு மெய்யானது, வாய் தூயதாயிருக்கவில்லை. ஆட்டத் திறமை இயற்கையின் கொடையேயன்றி இவ்வகை அருள் அன்று என்பது மெய்யே. எனினும் கொடைக்கும் கொண்டவனுக்கும் இடையேயுள்ள இடைவெளி இங்கும் அதுவே.

இந்த வேறுபாட்டை மறந்ததனால் விளைந்த துயரத்தை ஆப்லெட்டின் பிற்கால வாழ்வில் காண்கிறோம். 2000-ஆம் ஆண்டில், மெல்போர்ன் விடுதி ஒன்றில் அவருடன் இருந்த ஓர் இளம்பெண் போதைப்பொருளால் உயிரிழந்தார். போதைப்பொருள் தொடர்பான குற்றங்களுக்காக நீதிமன்றம் பின்னர் ஆப்லெட்டுக்கு அபராதம் விதித்தது. இத்தகையவரைப் புகழ்பெற்றோர் அவையில் சேர்ப்பது தகுமா என்ற விவாதம் நெடுநாள் நடந்தபின், 2005-இல் அவர் சேர்க்கப்பட்டார்.

ஆட்டக்காரரின் பெருமையை அளக்கும்போது அவருடைய வாழ்வையும் சேர்த்து அளக்க வேண்டுமா? ‘ஆட்டம் வேறு, வாழ்வு வேறு’ என்பர் சிலர். ‘நல்லவரல்லாதவர் எங்ஙனம் பெரியவராவார்?’ என்பர் வேறு சிலர். நாம் இரண்டையும் முழுமையாக ஏற்பதற்கில்லை. 1989-இல் போட்ட ஒன்பது கோல்களை 2000-இன் நிகழ்வு அழித்துவிடாது. கொடை மெய்யான கொடையே. அதை மறுப்பது பொய்யாகும். அதே வேளையில், அந்த ஒன்பது கோல்களை ஒரு திரையாக்கி, அதன் பின்னே ஓர் இளம்பெண்ணின் மரணத்தை மறைப்பதும் பொய்யே. அவளுக்கும் பெற்றோர் இருந்தனர். அவளும் படைத்தவரின் சாயலே. எவருடைய பெருமைக்கும் அவளை விலையாகத் தர இயலாது.

குற்றத்தில் நமக்குள்ள பங்கையும் நாம் மறைக்கலாகாது. தசையும் குருதியுமான மனிதனைக் ‘கடவுள்’ என்றழைத்தது யார்? அரங்கு நிறைந்த மக்கள்தாம். முதலில் ஒருவனைத் தெய்வமாக்குகிறோம். பின்னர் அவன் மனிதனாயிருக்கக் கண்டு கல்லெறிகிறோம். சிலை வழிபாடு கடவுளுக்கு இழைக்கும் அநீதி என்று மறைக்கல்வியில் கற்றோம். சிலையாக்கப்பட்ட மனிதனுக்கும் அது அநீதியே என்பதை இவ்வரலாறு கற்பிக்கிறது. தோள்மேல் சுமக்க முடியாத பெயரை அவனுக்குச் சூட்டுகிறோம். தடுமாறும்போது தாங்கிப்பிடிக்கும் தோழன் தெய்வத்துக்கு ஏது?

ஃபார்மரின் வரலாறும் இதனை வேறொரு விதத்தில் உணர்த்துகிறது. அவர் 2019-இல் மறைந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அடிகளால் மூளை சிதையும் நோய் அவருக்கு இருந்ததைக் கண்டறிந்து 2020-இல் வெளியிட்டனர். அவ்வாட்டத்தில் இந்நோய் உறுதிசெய்யப்பட்ட முதல் மனிதர் அவரே. நாம் கைதட்டிய ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் யாரோ விலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

திறமையை மட்டும் போற்றினால் வரும் இடரை அந்நாட்டுப் பெரியோர் ஓரளவு உணர்ந்தே இருந்தனர். அவ்வாட்டத்தின் தனிநபர் விருதுகளுள் தலையாயது பிரௌன்லோ பதக்கம். ஜீலாங் கழகத்தின் ஆட்டக்காரராகவும் செயலராகவும் தொண்டாற்றிய சார்லஸ் பிரௌன்லோவின் பெயரால் 1924-இல் ஏற்பட்டது. முதன்முதலில் அதைப் பெற்றவரும் ஜீலாங்கின் எட்வர்ட் கிரீவ்ஸே. அப்பதக்கம் மிகச் சிறந்தவருக்கு என்று மட்டும் சொல்லப்படவில்லை; மிக நேர்மையானவரும் மிகச் சிறந்தவருமானவருக்கு என்று, நேர்மையை முன்வைத்தே சொல்லப்பட்டது. வாக்களிப்போரும் ரசிகரல்லர், திடலில் நின்ற நடுவர்கள். முறைகேடான ஆட்டத்துக்காக அவ்வாண்டில் தடைபெற்றவர் எத்தனை வாக்குப் பெற்றாலும் பதக்கம் பெறார். 1997-இல் கிறிஸ் கிராண்ட் என்பவர் அனைவரினும் மிகுதியான வாக்குகள் பெற்றும், தடைபெற்றிருந்தமையால், பதக்கம் ராபர்ட் ஹார்விக்குப் போயிற்று. கடுமையான விதிதான். ஆயினும் திறமைக்கு நேர்மை எல்லை வகுக்க வேண்டும் என்ற அறவுணர்வு அதில் இருக்கிறது.

ஆனால் நற்செய்தி இன்னும் ஒருபடி அப்பால் செல்கிறது. தாலந்து உவமையை நினைவுகூர்வோம். ஐந்து தாலந்தைப் பத்தாக்கியவனிடமும், இரண்டை நான்காக்கியவனிடமும் தலைவன் கூறும் பாராட்டு சொல்லுக்குச் சொல் ஒன்றே. மத்தேயு இதை ஒருமுறை எழுதிவிட்டு, ‘அவ்வாறே மற்றவனுக்கும்’ என்று சுருக்கியிருக்கலாம். சுருக்கவில்லை, முழுவதையும் மறுபடி எழுதுகிறார். ஈட்டிய தொகையில் வேற்றுமை உண்டு, பாராட்டில் இல்லை. தலைவன் நோக்கியது அவர்களுடைய நம்பகத்தை. பெரியவர் யார் என்று அங்கே இருவரும் வாதாடியிருந்தால், தலைவனின் இல்லத்தில் அவ்வாதத்துக்கு இடமே இருந்திராது.

அப்படியானால் ஜீலாங் மக்கள் தங்கள் வழக்கைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. போற்றுதற்குரியதைப் போற்றுவது நன்றியின் ஒரு வடிவம். பேரனிடம் ஃபார்மரைப்பற்றி வாதாடும் முதியவர், தாம் பெற்ற இன்பத்துக்கு நன்றி செலுத்துகிறார். அவ்வாதம் ஒருவரைத் தெய்வமாக்கும்போதும், ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்தும்போதுமே நஞ்சாகிறது. நம் இல்லங்களில் அண்ணனின் மதிப்பெண்ணைக் காட்டித் தம்பியை வாட்டும்போதும், நம் பங்குகளில் முன்னிருந்த குருவைக் காட்டிப் பின்வந்தவரை அளக்கும்போதும் நாம் செய்வது அதுவே. பின்வந்த குருவாகவும் முன்னிருந்த குருவாகவும் இருந்து பார்த்தவர்கள் நாம். இரு நிலையிலும் அந்தத் தராசு நமக்கு நன்மை செய்யவில்லை.

இறுதியாக ஒரு காட்சி. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 24. மெல்போர்ன் திடலில் இறுதியாட்டம். ஒரு இலட்சம் மக்கள். ஜீலாங் அணி திடலில் நுழைகிறது. தலைவர் செல்வுட் முன்னே வருகிறார். அது அவருடைய கடைசி ஆட்டம். அவர் கைகளில் ஒரு சிறுவன். அரிய நோயொன்றினால் அல்லலுறும் அக்குழந்தை, இளைய ஆப்லெட்டின் மகன். ‘கடவுள்’ என்று அழைக்கப்பட்டவரின் பேரன். அன்று ஜீலாங் 81 புள்ளி வேறுபாட்டில் வென்றது. ஆனால் அந்நாளை நினைப்போர் பலரும் முதலில் நினைவுகூர்வது அப்புள்ளிகளை அன்று, அக்குழந்தையை.

கப்பர்நாகூமில் சீடர்கள் வாய்மூடி நின்றபோது ஆண்டவர் செய்ததையும் மாற்கு எழுதியிருக்கிறார். வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு வழங்க அவர் முற்படவில்லை. ஒரு சிறுபிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்தி, அணைத்துக்கொண்டார். யார் பெரியவர் என்னும் கேள்விக்கு அவர் தந்த விடை அதுவே. செல்வுட் அதை எண்ணித்தான் செய்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. நண்பனின் பிள்ளையை அன்பினால் தூக்கிக்கொண்டார், அவ்வளவே. ஆனால் பெருமையின் உச்சியில் நிற்கும் வேளையில் ஒருவர் தம் கைகளில் எதை ஏந்துகிறார் என்பதைக்கொண்டு அவரை அளக்கலாம் என்றால், அந்த அளவுகோல் திடலில் இறங்காத நமக்கும் எட்டாததன்று.